ஊதும் கிதாரும்

பழம்பெருமை பேசுவது எளிது. அதனை அளந்து பேசுவது அரிது. கிதார் என்னும் நரம்பிசைக் கருவி முஸ்லிம்கள் ஐரோப்பாவுக்கு அளித்த கொடை என்று நம்மவர் சிலர் கூறக் கேட்கிறோம். அக்கூற்றில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அரபியர் 'அல்ஊது' என்றழைத்த கருவியே ஐரோப்பியர் நாவில் 'லூட்' எனத் திரிந்தது. இதில் ஐயமில்லை. பம், மத்லத், மத்னா, ஜீர் என நான்கு நரம்புகள் கொண்டது பழைய ஊது. ஒரு நரம்புக்கும் அடுத்ததற்கும் இடையே, நம் இசை மரபின்படி சொன்னால், சட்ஜத்திற்கும் மத்திமத்திற்கும் உள்ள தொலைவு இருக்குமாறு சுருதி கூட்டினர். கி.பி. 950இல் மறைந்த தத்துவ மேதை அல்ஃபாராபி தம் 'கிதாபுல் மூஸீகல் கபீர்' என்னும் பெருநூலில், இந்நரம்புகளின்மீது விரல் பதியும் இடங்களைக் கணித முறையில் வகுத்துரைத்தார்.

பக்தாதை விட்டு நீங்கிய இசைவாணர் ஜிர்யாப், 822ஆம் ஆண்டில் குர்துபாவை அடைந்து இரண்டாம் அப்துர் ரஹ்மானின் அவையை அணிசெய்தார். அவர் ஊதில் ஐந்தாம் நரம்பைச் சேர்த்ததையும், மரத்தாலான மீட்டுகோலுக்குப் பதிலாகக் கழுகின் இறகைக் கையாண்டதையும் பதினேழாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்மக்கரீ குறித்துள்ளார்.

இனிக் கிதாருக்கு வருவோம். 'கிதாரா' என்பது கிரேக்கச் சொல். அரபியிலும் அது வழங்கியது. பதினான்காம் நூற்றாண்டு ஸ்பானியக் கவிஞர் ஹுவான் ரூயிஸ், மூரிய கிதார், லத்தீன் கிதார் என இரு கருவிகளைத் தனித்தனியே சுட்டுகிறார். ஊதின் முதுகு பிளந்த பேரிக்காய்போல் புடைத்தது. இன்றைய கிதாரோ இடை சிறுத்து, முதுகு தட்டையானது. எனவே ஊதே கிதார் ஆயிற்று என்பது பொருந்தாது.

வாசிக்கும் முறையும் வேறுபட்டது. ஊதின் இசை பெரிதும் ஒற்றைப் பண்ணோட்டம். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய லூட் கலைஞர் இறகை விடுத்து விரல் நுனிகளால் மீட்டலாயினர். விரலுக்கொரு நரம்பு கிடைக்கவே, பல குரல்கள் ஒருங்கே ஒலித்தன. 'கார்டு' எனப்படும் சுரக்கூட்டு கிதாரின் உயிரானது பின்னரே. 1596இல் ஹுவான் கார்லோஸ் அமாத் என்ற மருத்துவர், சுரக்கூட்டுகளுக்கு எண்ணிட்டு, எளியோரும் பயிலும்வண்ணம் சிறுநூல் ஒன்று வெளியிட்டார். 1674இல் காஸ்பர் சான்ஸ் எழுதிய நூலோ, நரம்புகளைச் சேர்த்து வருடுதல், தனித்தனியே மீட்டுதல் என்னும் இருவகையையும் கற்பித்தது.

ஒரே சுரக்கூட்டையும் பலவாறு அடுக்கலாம். எச்சுரம் அடியில் நிற்பது, எதனை இரட்டிப்பது, எதனை விடுப்பது என்பதைப் பொறுத்து அதன் நிறம் மாறும். அந்தலூஸியாவின் பிளமென்கோ கலைஞர், விரல் படாத நரம்புகளையும் உடன் ஒலிக்கவிட்டு ஒருவகைக் கடுமையைக் கூட்டுவர். அமெரிக்க ஜாஸ் குழுவில் பிரெடி கிரீன் இரண்டு மூன்று சுரங்களோடு நிறுத்திக்கொண்டார். பிறகருவிகளுக்கு இடம் விடும் அடக்கம் அது. 1928இல் தீவிபத்தில் இடக்கையின் இரு விரல்கள் ஊனமுற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட், எஞ்சிய விரல்களுக்கேற்பப் புதிய அடுக்குகளை ஆக்கிக்கொண்டு உலகப்புகழ் எய்தினார். ஸ்பானிய மேதை தார்ரெகா (1852–1909), ஒரே சுரத்தை விரல்கள் மாற்றி விரைந்து மீட்டும் நுணுக்கத்தில் அமைத்த படைப்புக்கு 'அல்ஹம்ரா நினைவுகள்' என்றே பெயரிட்டார்.

இன்றைய கிதாரின் ஆறு நரம்புகளுக்கிடையே உள்ள ஐந்து இடைவெளிகளில் நான்கு, ஊதில் கண்ட அதே மத்திமத் தொலைவே. ஒன்று மட்டும் காந்தாரத் தொலைவாகக் குறுகியது. சுரக்கூட்டுக்குக் கைவிரல்கள் எளிதில் எட்டுவதற்கு அதுவே துணை.

ஆகவே, லூட்டைத் தந்தவர், சுருதி அளவை நூலாக்கியவர் என்ற பெருமை நம் முன்னோர்க்கு உண்டு. சுரக்கூட்டை வளர்த்த பெருமை பிறர்க்கு உரியது. அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளிப்பதே வரலாறு கற்றோரின் கடமை. பிறர் பங்கையும் நமதென்று கூறின், மெய்யாகவே நமதான பங்கையும் உலகம் ஐயுறும்.