கலிங்கப் போரும் திருமலை விளக்கும்

போரில் வென்ற மன்னர்கள் தம் வெற்றியைக் கல்லில் பொறிப்பது உலக வழக்கு. வென்றவனே தன் வெற்றியால் விளைந்த துயரை எண்ணி வருந்தி, அவ்வருத்தத்தைக் கல்லில் பொறித்தது அரிதினும் அரிது. அவ்வரிய செயலைச் செய்தவன் மௌரியப் பேரரசன் அசோகன். அவன் வருந்தியது கலிங்கப் போர் குறித்து. கி.மு. 261ஆம் ஆண்டை ஒட்டி, அவன் முடிசூடிய எட்டாம் ஆட்சியாண்டில் அப்போர் நிகழ்ந்தது. ஒன்றரை இலட்சம் மக்கள் சிறைப்பட்டு நாடு கடத்தப்பட்டனர் என்றும், ஓர் இலட்சம் பேர் களத்தில் மாண்டனர் என்றும், அதனினும் பன்மடங்கினர் பின்னர் மடிந்தனர் என்றும் அவனது பதின்மூன்றாம் பாறைச் சாசனம் கணக்குரைக்கிறது.

இப்போரே பௌத்தம் உலகெங்கும் பரவக் காரணமாயிற்று என்றும், அகிம்சை என்னும் அறம் இப்போரின் குருதியிலிருந்தே பிறந்தது என்றும் பள்ளிப் பாடங்கள் பயிற்றி வருகின்றன. இவற்றுள் முதற்கூற்றில் பேருண்மை உண்டு. இரண்டாம் கூற்று ஆராய்தற்குரியது.

பௌத்தம் பெற்ற பேறு

போருக்குப் பின் அசோகனின் உள்ளம் அறத்தின்பால் மிக நாட்டம் கொண்டது என்பதை அவன் சாசனமே கூறுகிறது. ஆயினும் மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. தான் இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாக உபாசகனாக இருந்தும் முதலில் ஊக்கம் கொள்ளவில்லை என்றும், சங்கத்தை அணுகிய பின்னரே தீவிரம் கொண்டதாகவும் மற்றொரு சாசனத்தில் அவன் குறிக்கிறான். இலங்கையின் தீபவம்சமும் மகாவம்சமும் கலிங்கப் போரைச் சுட்டவே இல்லை. நிக்ரோதன் என்னும் இளந்துறவியின் அறவுரையே மன்னனை மாற்றியதாக அவை கூறுகின்றன.

எவ்வாறாயினும், அசோகனால் பௌத்தம் பெற்ற பேறு பெரிது. பாடலிபுத்திரத்தில் மொக்கலிபுத்த திஸ்ஸர் தலைமையில் மூன்றாம் சங்கம் கூடியதும், மகிந்தர் இலங்கை சென்று தேவநம்பிய திஸ்ஸனை அறவழிப்படுத்தியதும், சங்கமித்திரை போதிக்கிளையை அநுராதபுரத்திற்குக் கொண்டு சென்றதும் அம்மரபு போற்றும் நிகழ்ச்சிகள். கங்கைச் சமவெளியில் வளர்ந்த ஒரு துறவற நெறி, பேரரசின் துணையால் கடல் கடந்த சமயமாயிற்று.

அகிம்சைக்கு மூலம் எது?

அகிம்சையைப் போர் பிறப்பிக்கவில்லை என்பதற்கு அசோகனின் சாசனமே சான்று. கலிங்கத்தில் பிராமணரும் சிரமணரும் பிற அறநெறியினரும் வாழ்ந்து வந்தனர் என்றும், அவர்களுக்கு நேர்ந்த துன்பமே தன்னை மிக வாட்டியது என்றும் அவன் கூறுகிறான். படை வருவதற்கு முன்னரே அம்மண்ணில் அறம் வாழ்ந்தது என்பதே இதன் பொருள். வர்த்தமான மகாவீரர் உயிர்க்கொலை தவிர்த்தலை முதல் விரதமாக வகுத்துரைத்து ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே கலிங்கப் போர் மூண்டது. போர் அகிம்சைக்குத் தந்தது பிறப்பன்று. செவிசாய்க்கும் ஓர் அரசனை.

அவ்வரசன் ஒரு சமயத்திற்கு மட்டும் உரியவனாக நடந்துகொள்ளவில்லை. பிறர் சமயத்தை இகழாமையே தன் சமயத்தை உயர்த்தும் வழி எனப் பன்னிரண்டாம் பாறைச் சாசனத்தில் அறிவுறுத்தினான். நிர்கிரந்தர் எனப்பட்ட சமணத் துறவியரின் நலனையும் தன் தர்ம மகாமாத்திரர் பேண வேண்டும் என ஏழாம் தூண் சாசனத்தில் பணித்தான். நேமிநாதர் வீடுபேறடைந்த கிர்னார் மலையின் அடிவாரத்திலும் அவனது சாசனப் பாறை நிற்பது எண்ணி மகிழத்தக்கது.

எனினும், கைப்பற்றிய கலிங்கத்தை அசோகன் விடுவிக்கவில்லை. அம்மண்ணில் உள்ள தவுளி, ஜௌகதா ஆகிய இடங்களில் போரைக் குறித்த பதின்மூன்றாம் சாசனம் காணப்படவில்லை; அதற்கு மாற்றாக, குடிமக்களைத் தன் மக்களாகக் கருதி நடத்துமாறு அதிகாரிகளுக்குக் கூறும் தனிச் சாசனங்களே உள்ளன. வருத்தம் உலகறியச் சொல்லப்பட்டது. வருந்த வைத்த மண்ணில் மட்டும் சொல்லப்படவில்லை.

கலிங்கத்தின் மறுமொழி

தவுளிக்குச் சுமார் பத்து கிலோமீட்டர் தொலைவில், இன்றைய புவனேசுவரத்தை அடுத்து உதயகிரி உள்ளது. அங்கே அத்திகும்பாக் குகையில் கலிங்க வேந்தன் காரவேலனின் பதினேழு வரிப் பிராகிருதக் கல்வெட்டு உள்ளது. அருகர்க்கும் சித்தர்க்கும் வணக்கம் கூறித் தொடங்கும் அக்கல்வெட்டு, மௌரியப் பேரரசு மறைந்த பின்னர்க் கலிங்கம் தலைநிமிர்ந்த வரலாற்றைக் கூறுகிறது. நந்த வேந்தன் முன்னர்க் கவர்ந்து சென்ற கலிங்க ஜினரின் திருவுருவை மகதத்திலிருந்து காரவேலன் மீட்டு வந்தான். தமிழரசர் கூட்டணியை முறித்ததும், பாண்டியனிடமிருந்து முத்துகள் வந்ததும் அதில் இடம்பெறுகின்றன.

காரவேலன் சமணன், ஆயினும் போர்க்களம் புகுந்தவன். இவ்வுண்மையை மறைக்க வேண்டுவதில்லை. அவன் கல்வெட்டின் இறுதிப் பகுதி எல்லாச் சமயத்தாரையும் போற்றியவன் என்றும், எல்லாத் தேவாலயங்களையும் புதுப்பித்தவன் என்றும் அவனைச் சிறப்பிக்கிறது. பௌத்தம் தழுவிய அசோகனும், சமணம் தழுவிய காரவேலனும் இவ்விடத்தில் ஒரே குரலில் பேசுகின்றனர்.

அண்ணாமலை நாட்டில்

அசோகன் தன் எல்லைக்கு அப்பாற்பட்ட நாடுகளாகச் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரரையும் குறிப்பிட்டான். அச்சத்தியபுத்திரர் யாவர் என்ற நெடுநாள் ஐயத்தைத் திருக்கோவிலூர் வட்டாரத்தில் 1981இல் கண்டறியப்பட்ட ஜம்பைத் தமிழிக் கல்வெட்டு தீர்த்தது. சத்தியபுத்திரனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி துறவியர்க்குப் பாளி அளித்த செய்தியை அது கூறுகிறது. அவ்வதியர் மரபில் பிற்காலத்தே வந்த விடுகாதழகிய பெருமாள், போளூரை அடுத்த திருமலையில் தன் முன்னோனாகிய எழினி நிறுவிய இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுப்பித்தான்.

அதே திருமலையில் முதலாம் இராசேந்திர சோழனின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்றுண்டு. அதன் காலம் ஏறத்தாழ கி.பி. 1025. ஈழம் முதல் கங்கை வரை அவன் வென்ற நாடுகளை அது அடுக்குகிறது. பழைய கலிங்கத்தை ஒட்டிய ஒட்ட விடயமும் அப்பட்டியலில் உண்டு. அத்தனை போர்களையும் சொல்லி முடித்த பின் கல்வெட்டு கூற வந்த செய்தி வருகிறது. வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் நந்தாவிளக்கு ஒன்றுக்கு இருபது காசும், திருவமுதுக்குப் பத்துக் காசும் அளித்தாள்.

இச்சிறு கொடையில் ஒரு பெரும் பாடம் அடங்கியுள்ளது. தமிழகத்தில் பௌத்தம் தாழ்ந்த சமயமாக இருந்ததன்று. காஞ்சியிலும் நாகப்பட்டினத்திலும் அதன் விகாரங்கள் புகழுடன் விளங்கின. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்குக் கடல் கடந்த ஸ்ரீவிசய வேந்தனின் துணையும், முதலாம் இராசராசன் அளித்த ஆனைமங்கலத்து வருவாயும் இருந்தன. அரசும் வணிகமும் மாறியபோது விகாரங்கள் மறைந்தன. அவற்றைத் தாங்கி நிற்கத் தலைமுறை தோறும் நோன்பு காத்த ஊர்க்குடிகள் எஞ்சவில்லை. சமணமும் அரசாதரவை இழந்தது, பள்ளிச்சந்தங்களை இழந்தது, இகழ்ச்சியையும் ஏற்றது. ஆயினும் திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் வட்டாரச் சிற்றூர்களில் உழுதுண்டு வாழ்ந்த சிராவகக் குடும்பங்கள், இருள் சூழுமுன் உண்ணும் நோன்பையும் ஜினாலய வழிபாட்டையும் கைவிடவில்லை.

பேரரசன் ஒருவன் தழுவியதால் ஒரு சமயம் விரைந்து பரவும் என்பது கலிங்கப் போர் காட்டும் உண்மை. குடும்பங்கள் கைவிடாதவரை ஒரு சமயம் அழியாது என்பது திருமலை காட்டும் உண்மை. இன்று அக்குடும்பங்கள் கல்வியையும் தொழிலையும் நாடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அயல்நாடுகளுக்கும் பெயர்கின்றன. பல ஊர்களில் ஜினாலயம் உண்டு. நாள்பூசைக்கு வருவோர் சிலரே. இழப்பு வருமாயின் இம்முறை அது பகைவர் படையால் வராது. பூட்டிய வீடுகளால் வரும்.

விழா நாளில் ஊர் திரும்பும் ஒவ்வொரு குடும்பமும் தன் ஊர் ஜினாலயத்தில் ஆண்டில் ஒரு மாதத்து விளக்கையேனும் தன் பொறுப்பாக ஏற்குமாயின், பன்னிரு குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஊரின் ஒளியைக் காத்துவிடலாம். சாமுண்டப்பை தன் இருபது காசால் ஆயிரம் ஆண்டுகட்கு முன் செய்ததும் அதுவே.