பரிந்துரைக் கடிதம் யார் கொடுப்பார்?

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்துக்குப் போனார்கள். ஆவடியில் ரயில் ஏறி, திருவள்ளூரில் இறங்கி, பூண்டிப் பக்கம் போனால் வரும் ஊர் அது. அங்கே கிடைத்த கருவிகளில் பழையவை 10 லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என்று சாந்தி பப்புவின் குழு 2011ல் நிறுவியது. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்த வேலைக்கு ஆட்கள் எப்படி வந்தார்கள் என்பதுதான் இல்லை.

வில்லியம் கிங்கின் அப்பா அயர்லாந்தில் கால்வே கல்லூரியின் நிலவியல் பேராசிரியர். நியாண்டர்தால் மனிதனுக்கு அறிவியல் பெயர் வைத்தவரே அவர்தான். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையை 1851ல் தொடங்கிய தாமஸ் ஓல்ட்ஹாம் டப்ளினில் பேராசிரியராக இருந்தவர். தெரிந்தவர், தெரிந்தவரின் மகன் என்று ஆள் சேர்ந்த துறை. அன்றைக்குத் தகுதி என்பதில் பாதி அறிமுகம்தான். இன்றைக்கு மட்டும் என்ன?

இந்தியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓல்ட்ஹாம் முன்வந்தார். 1873ல் ராம் சிங், அடுத்த ஆண்டு கிஷண் சிங், ஹீரா லால் ஆகியோர் அப்ரண்டிஸ்களாகச் சேர்ந்தார்கள். நம் நாட்டு நிலவியலின் முதல் 'இன்டர்ன்ஷிப்' என்று அதைச் சொல்லலாம். ஓல்ட்ஹாமுக்குப் பின் தலைமைக்கு வந்த மெட்லிகாட்டோ, சொந்தமாக ஆராய்ச்சி செய்யும் திறன் இந்தியர்களுக்கு இல்லை என்று நம்பியவர். 1880ல் அதிகாரியாக நுழைந்த பிரமதநாத் போஸுக்கு 1903ல் தலைமைப் பதவி கிடைக்கவில்லை. அவரைவிட இளையவரான ஹாலண்டுக்குப் போனது. போஸ் வேலையை விட்டார். தேசிய வரலாறு இந்த அவமதிப்பை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது, வைத்திருக்கட்டும். ஆனால் போஸ் லண்டன் வரை போய்ப் படிக்க முடிந்த வங்காள மேல்சாதிக்காரர். அந்த வாசலுக்குப் போகிற தெருவிலேயே நடக்க விடப்படாதவர்களை எந்த வரலாறு கணக்கெடுத்தது?

அதே காலத்தில் அம்பத்தூரும் பூவிருந்தவல்லியும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. ஏரி மடையைத் திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சிய நீர்கட்டிகள் பல ஊர்களில் நம்மவர்கள். எந்த வாய்க்காலில் எவ்வளவு நீர் போகும், எந்த மண் எத்தனை நாள் ஈரம் தாங்கும் என்பது அவர்களுக்குத் தொழில். ஆனால் அந்த மண்ணில் ஒரு துண்டு கேட்டு பறையர் ஒருவர் தர்க்காஸ்து மனு போட்டால், மிராசுதார் குறுக்கே வந்து தனக்கு முன்னுரிமை என்பார். மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891ல் இதையெல்லாம் அறிக்கையாக எழுதினார். 1892 செப்டம்பர் 30 அன்று பஞ்சமி நில அரசாணை வந்தது. அந்த நிலங்கள் பிறகு யார் கைக்குப் போயின என்பதை இங்கே திரும்ப எழுத வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் கதை வேறல்ல. நிலவியல் முனைவர் பட்டங்களில் இன வேறுபாடு 40 ஆண்டுகளாக மாறவே இல்லை என்று 2018ல் பெர்னார்டும் கூப்பர்டாக்கும் எழுதினார்கள். ஆனால் அங்கே 1996லேயே வளிமண்டல ஆய்வுக்கென 'சோர்ஸ்' என்ற கோடைப் பயிற்சி தொடங்கிவிட்டது. வாய்ப்பு மறுக்கப்பட்ட மாணவர்களை அழைத்து, உதவித்தொகையும் வழிகாட்டியும் கொடுத்தார்கள்.

இங்கே அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வு நல்கை இருக்கிறது. புவி அறிவியலும் அதில் உண்டு. ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். எங்கள் மாலை வகுப்புக்கு வரும் மாணவி ஒருவர் அதைக் கேட்டபோது, "இதெல்லாம் உனக்கு எதுக்கும்மா, பேங்க் பரீட்சை எழுது" என்றார் அவருடைய ஆசிரியர். மிராசுதார் இப்போது நாகரிகமாகப் பேசுகிறார்.

விண்ணப்பம் வழக்கமாக நவம்பர் வாக்கில் முடிந்துவிடும். எழுத என்ன இருக்கிறது என்று கேட்கும் தம்பி, தங்கைகளே, 2015 டிசம்பரில் உங்கள் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது, எந்தப் பக்கமிருந்து வந்தது, எத்தனை நாளில் வடிந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்புக்கு அந்தத் தாளோடு வாருங்கள். கடிதம் எழுதித் தர ஆசிரியர்களை நாம் சேர்ந்தே தேடுவோம்.