காவலூர் இருட்டும் கண்ணுக்குள் ஓர் ஆல்டிஹைடும்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். உயரம் 725 மீட்டர்தான். கொடைக்கானல்காரர்கள் இதை மலை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 1960களில் வானாய்வுக்கு இடம் தேடிய வைணு பாப்பு இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு உயரம் காரணமல்ல. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென்வானமும் தெரியும். சுற்றிலும் நகர வெளிச்சம் இல்லை. 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி இங்கே வேலையைத் தொடங்கியது.

நட்சத்திரம் பார்க்க இருட்டு வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் விளக்கை அணைத்த மறுநொடியே எல்லா நட்சத்திரமும் தெரிவதில்லையே, ஏன்? அந்தக் கேள்விக்கான விடை வானத்தில் இல்லை, கண்ணில் இருக்கிறது.

1876இல் ஃபிரான்ஸ் போல் என்ற ஜெர்மானியர் ரோமில் தவளையின் விழித்திரையை ஆராய்ந்தார். இருட்டில் வைத்திருந்த தவளையின் விழித்திரை செக்கச்செவேலென்று இருந்தது. வெளிச்சம் பட்டதும் வெளுத்துப்போனது. அந்தச் சாயத்துக்கு இன்று ரோடாப்சின் என்று பெயர். 1933இல் ஜார்ஜ் வால்ட் விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டார். சாயத்தின் நிறத்துக்குக் காரணமான பொருள் வைட்டமின் ஏயின் ஆல்டிஹைடு என்பதை 1940களில் இங்கிலாந்தின் லிவர்பூலில் மார்ட்டன் தெளிவாக்கினார். அதுதான் ரெட்டினல்: இரட்டைப் பிணைப்புகள் வரிசையாகக் கோத்த நிறைவுறா ஆல்டிஹைடு.

இருட்டில் இந்த மூலக்கூறு, பதினோராவது கார்பனிடத்தில் முழங்கை மடக்கியதுபோல் வளைந்து, தன் ஆல்டிஹைடு முனையால் ஆப்சின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு கிடக்கிறது. ஓர் ஒளித்துகள் பட்டால் போதும். இரட்டைப் பிணைப்பு ஒரு கணம் தளர, மடங்கிய முழங்கை நிமிர்கிறது. நொடியை ஐந்து லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரம்தான் இதற்கு ஆகிறது. நிமிர்ந்த ரெட்டினல் புரதத்திலுள்ள தன் பள்ளத்தில் பொருந்தாமல் அதை நெம்ப, மூளைக்குச் செய்தி போகிறது. பார்வையில் ஒளி நேரடியாகச் செய்யும் வேலை இவ்வளவே. மற்றதெல்லாம் இருட்டிலும் நடக்கும் வேலை என்பதுதான் வேடிக்கை. இதையெல்லாம் துலக்கியதில் ரூத் ஹப்பர்டின் பங்கு பெரிது; 1967 நோபல் பரிசு அவருடைய கணவர் வால்டுக்கும் வேறு இருவருக்கும் போனது, ஹப்பர்டுக்கு இல்லை.

நிமிர்ந்ததை மறுபடி மடக்கிப் புரதத்தில் பூட்டக் கண்ணுக்கு நேரம் பிடிக்கிறது. நல்ல வெளிச்சத்திலிருந்து வந்தவருக்கு முழு இருட்டுப் பார்வை திரும்ப அரை மணிக்கு மேல் ஆகும். வானாய்வாளர் கையில் சிவப்பு டார்ச் இருப்பதும் இதனால்தான். ரோடாப்சின் நீலப்பச்சை ஒளியை விரும்பி விழுங்கும், சிவப்பை ஏறக்குறைய சீண்டாது.

பாப்புவுக்கு ஒரு நூற்றாண்டு முன்பு, சென்னை வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி நம்பியிருந்ததும் இதே மூலக்கூறைத்தான். 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரத்தின் ஒளி ஏறி இறங்குவதை அவர் கண்டுபிடித்தபோது, அளவுகோலும் பதிவேடும் அவருடைய கண்களே.

காவலூரில் கண்ணின் வேலையை மெல்ல மெல்லக் கருவிகள் எடுத்துக்கொண்டன. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே வந்த வேளையில், நட்சத்திர ஒளி எதிர்பாராமல் மங்கியதை பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் இங்கே பதிவு செய்தார்கள். புதிய துணைக்கோள் என்றுதான் முதலில் கருதினார்கள். அது யுரேனஸின் வளையம். 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதைப் பார்க்க பாப்பு இல்லை, 1982இலேயே மறைந்துவிட்டார். தொலைநோக்கிக்கு அவர் பெயர். ஒளிபட்டு உருமாறும் வேலை ரெட்டினலிடமிருந்து புகைப்படத் தகட்டிலுள்ள வெள்ளி உப்புக்கும், பிறகு சிலிக்கான் சில்லுக்கும் போனது.

இந்த ஆல்டிஹைடுக்கான மூலப்பொருளை உடம்பு தானாகச் செய்துகொள்ளாது. முருங்கைக்கீரையிலிருந்தோ பப்பாளியிலிருந்தோ வர வேண்டும். வராத வீடுகளில் பிள்ளைகளுக்கு மாலைக்கண் வந்தது. குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் கொடுக்கும் திட்டத்தை இந்தியா தொடங்கியது 1970இல், அதாவது காவலூரில் முதல் தொலைநோக்கி வந்து இரண்டு ஆண்டுகள் கழித்து.

காவலூருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, அரை மணி நேரம் சும்மா இருட்டில் நில்லுங்கள். அதன்பிறகு அண்ணாந்து பாருங்கள்.