இரண்டு செட்டில்மென்ட்

காரமடைப் பக்கம் பெரியவர்கள் பேச்சில் ‘செட்டில்மென்ட்’ என்ற வார்த்தை அடிக்கடி அடிபடும். ‘‘மில்லுல செட்டில்மென்ட் வாங்கியாச்சுங்க’’ என்பார் ஒருவர். ‘‘பையனுக்கு செட்டில்மென்ட் எழுதிட்டனுங்க’’ என்பார் இன்னொருவர். முதலாவது, கைக்கு வந்த பணம். இரண்டாவது, கையைவிட்டுப் போன வீடு. இரண்டுக்கும் நடுவேதான் ரிட்டையர்மென்ட் வாழ்க்கை!

1888-ல் கோவைக்கு ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் வரிசையாக முளைத்தன. தோட்டம், காடு என்று கிடந்த குடும்பங்கள் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பின. சரி, வயதானால்? நிலம் இருந்தால் கஞ்சி. இல்லாவிட்டால் மகன் வீட்டுத் திண்ணை!

1952-ல் பி.எஃப். சட்டம் வந்தது. முதலில் சேர்ந்த ஆறு தொழில்களில் ஜவுளியும் ஒன்று. தொழிலாளி சம்பளத்தில் ரூபாய்க்கு ஓரணா, முதலாளி பங்காக இன்னோர் அணா. கடைசியில் மொத்தமாகக் கைக்கு வரும். ஆனால், மாசாமாசம் பென்ஷன் கிடையாது. 1971-ல் வந்த திட்டமும் வேலையில் இருக்கும்போதே இறந்தவரின் குடும்பத்துக்குத்தான். ரிட்டையரானவருக்கே பென்ஷன் என்பது 1995-ல்தான் வந்தது. அதிலும் குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று ஆக, 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

‘உழைக்கிற வயதில் சேர்ப்பார்கள், ஓய்வில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிடுவார்கள்’ என்றார் பொருளாதார மேதை மோடிகிலியானி. 1985-ல் நோபல் பரிசு வாங்கியவர். நம் ஊர்க் கணக்கோ வேறு. மகள் கல்யாணம், மாடியில் ஒரு ரூம், மகன் போடும் தறிக்கு முன்பணம்... மொத்தமாக வந்தது மொத்தமாகவே போய்விடும். மிச்சம் வீடு மட்டும். ஊருக்குச் சொத்துக்காரர், மாத்திரை வாங்க மட்டும் மகனிடம் கை நீட்டணும். அந்த வீட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டால்?

இந்தக் கேள்விக்குத்தான் 2007-ல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. ‘என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும்’ என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளை கைவிட்டால், கோட்டாட்சியரிடம் மனுப் போட்டு பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லலாம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால்தான் பலம். பாசத்தில் பல பேர் எழுதாமல் விடுவது அந்த ஒரு வரியைத்தான்.

பிள்ளைக்குக் கொடுப்பது தப்பில்லை. ஆனால், மாசியில் ரங்கநாதர் தேர் இழுத்த காரமடைக்காரர்களுக்குத் தெரியும்... தேர் நிலை சேரும் வரை வடத்தைக் கைவிடக் கூடாதுங்க!