முகம் பார்க்காத நட்பு: பிசிராந்தையார் முதல் சாட்டிங் வரை

முகத்தையே பார்க்காமல் ஒருவரை "நல்லவர்", "திமிர் பிடித்தவர்" என்று முடிவு செய்ய முடியுமா? இன்டர்நெட் வந்த பிறகு எழுந்த கேள்வி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் தமிழருக்கு இது சங்க காலத்துக் கேள்வி!

உறையூர் மன்னன் கோப்பெருஞ்சோழன். பாண்டிய நாட்டுப் பிசிர் என்ற ஊரின் புலவர் ஆந்தையார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. கேள்விப்பட்டதை வைத்தே நண்பர்கள் ஆனார்கள். மகன்களோடு ஏற்பட்ட பகையால் மனம் நொந்த சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான். அப்போது, "பிசிராந்தையார் வருவார், அவருக்கும் இடம் விடுங்கள்" என்ற பொருளில் சொன்னான். சுற்றி இருந்தவர்களுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் வந்தார். தானும் வடக்கிருந்து உயிர் நீத்தார். புறநானூறு காட்டும் நட்பு இது.

பிறகு தந்தி வந்தது. மோர்ஸ் கருவியில் 'கட்டு கடா' அடிக்கும் விதத்தை வைத்தே எதிர்முனையில் இருப்பவர் யார் என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷார் ஜெர்மன் ஆபரேட்டர்களை இப்படி அடையாளம் கண்டார்கள். ஆனால் ஆள் யார் என்று தெரிவது வேறு, எப்படிப்பட்டவர் என்று தெரிவது வேறு!

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15-ல். 1998-ல் யாஹூவின் அரட்டைச் சேவை வந்தது (2018-ல் மூடப்பட்டது). விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களிலும் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. முண்டியம்பாக்கம் மாதிரி சின்ன ஊர்களிலும் இன்று அதே அரட்டை கையில் இருக்கும் செல்போனில் நடக்கிறது. வயது என்ன, ஆணா பெண்ணா, எந்த ஊர் - இதுதான் அன்றைய முதல் கேள்வி. அதற்குப் பிறகு எல்லாம் ஊகம்தான். பதில் தாமதமானால் திமிர். ஒரே எழுத்தில் பதில் வந்தால் கோபம். எழுத்துப்பிழை இருந்தால் படிக்காதவர். நெட் கனெக்‌ஷன் போயிருக்கலாம் என்று யார் யோசித்தார்கள்?

அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் வால்தர் 1996-ல் ஒரு கருத்தைச் சொன்னார். எழுத்தில் பழகும்போது ஒருவர் தன் நல்ல பக்கத்தை மட்டும் காட்டுகிறார், படிப்பவர் மீதி இடங்களைத் தன் கற்பனையால் நிரப்புகிறார். அதனால் நேரில் பார்த்தவரை விடப் பார்க்காதவர் உயர்வாகத் தெரிகிறார். அதே 1996-ல்தான் பார்க்காமலே காதலிக்கும் 'காதல் கோட்டை' படமும் வந்தது!

2005-ல் க்ரூகர், எப்லி குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியம். மின்னஞ்சலில் எழுதுவது கிண்டலா, நிஜமா என்று எதிராளிக்குச் சுமார் 78 சதவீதம் புரியும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். சரியாகப் புரிந்தது 56 சதவீதம்தான். காசைச் சுண்டிப் பார்ப்பதை விடக் கொஞ்சம் மேல், அவ்வளவே!

அப்படியானால் சோழன் மட்டும் எப்படி ஜெயித்தான்? அவன் கணித்ததால் மட்டும் அல்ல, பிசிராந்தையார் வந்ததால். லெட்டர்ஹெட்டின் அழகைப் பார்த்து எந்த வியாபாரியும் கடன் கொடுப்பதில்லை. சொன்ன தேதியில் பணம் வருகிறதா என்றுதான் பார்ப்பார். அரட்டையில் கிடைக்கும் நட்பும் அப்படித்தான்.

நட்புக்குப் பார்த்துப் பழக வேண்டியதில்லை, உணர்ச்சி ஒன்றுபட்டால் போதும் என்கிறார் வள்ளுவர். பரிமேலழகர் அதற்கு உதாரணம் காட்டுவதும் இந்த இருவரைத்தான். ஆனால் அந்த 'நட்பு' அதிகாரத்துக்கு அடுத்த அதிகாரத்தின் பெயர் என்ன தெரியுமா நண்பர்களே? 'நட்பாராய்தல்'!