மாதா கதைகளில் வரலாறு எங்கே இருக்கிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றம் நெருங்கினாலே வாட்ஸ்அப்பில் மாதா அற்புதங்கள் வரிசையாக வரும். ஒருவர் கைகூப்பும் படம் போடுவார். இன்னொருவர் "எல்லாம் கட்டுக்கதை" என்பார். பிறகு சண்டைதான். நடந்ததா, நடக்கவில்லையா என்பதிலேயே இருவரும் நின்றுவிடுகிறார்கள். இந்தக் கதைகளைச் சொன்ன மக்கள் எதை மறக்கக்கூடாது என்று நினைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

செஞ்சிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். தேசிங்கு ராஜன் இங்கே ஆண்டது சில மாதங்கள்தான். 1714இல் ஆற்காடு நவாபு சாதத்துல்லா கானோடு நடந்த போரில் இறந்துபோனான். செஞ்சியை நெடுங்காலம் ஆண்ட நாயக்கர்களை விட, அந்த இருபத்திரண்டு வயதுப் பையனைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. பறக்கும் குதிரையை நம்ப வேண்டாம். ஆனால் ராஜபுத்திரனும் முஸ்லிம் நண்பன் மோவுத்துக்காரனும் ஒரே போரில் உயிர்விட்டதை மக்கள் முந்நூறு ஆண்டுகள் பாடினார்களே, அது வரலாறு இல்லையா?

இந்தக் கண்ணோடு நம் பக்கத்து மாதா கோயில்களைப் பார்ப்போம்.

தேசிங்கு இறந்த காலத்தில் ஓர் இத்தாலியப் பாதிரியார் தமிழகத்தில் தமிழ் படித்துக்கொண்டிருந்தார். 1680இல் பிறந்த கான்ஸ்டன்டைன் பெஸ்கி என்ற அவரை வீரமாமுனிவர் என்றால்தான் நமக்குத் தெரியும். தேம்பாவணி பாடியவர், சதுரகராதி தொகுத்தவர். விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்தில் அவரைச் சுற்றி ஒரு கதை உண்டு. மாதா சிலையோடு காட்டு வழியே போனவர் களைத்துத் தூங்கிவிட்டார். விளையாட வந்த பிள்ளைகள் சிலையை எடுத்து ஒளித்துவிட்டார்கள். பிறகு முகாசாபரூர் பாளையக்காரர் கச்சிராயரின் கனவில் மாதா தோன்றி, சிலை இருக்கும் இடத்தைச் சொல்லி, கோயில் கட்டச் சொன்னார். பிள்ளையில்லாத அவருக்குப் பிள்ளையும் பிறந்தது.

கதையில் கோயில் கட்டியது யார் என்று பாருங்கள். ஓர் இந்துப் பாளையக்காரர். அடுத்து, மாதாவுக்கு வைத்த பெயரைப் பாருங்கள். பெரியநாயகி. விருத்தாசலம் சிவன் கோயில் அம்மனுக்கும் அந்தப் பெயர் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் அம்மனும் பெரியநாயகிதான். சேலை கட்டிய தமிழ்ப் பெண்ணாக மாதாவின் உருவத்தை அமைத்து, மணிலாவில் செய்து வரவழைத்தார் முனிவர் என்பது அந்தக் கோயிலின் மரபு. வெளிநாட்டிலிருந்து வந்த பக்தி இந்த மண்ணில் வேர்பிடித்த விதம், பெயரிலும் சேலையிலும் தெரிகிறது.

அரியலூர் பக்கம் ஏலாக்குறிச்சியிலும் இப்படி ஒன்று. அரியலூர் மழவராயருக்கு ராஜபிளவை. வைத்தியர்கள் கைவிட்டார்கள். வீரமாமுனிவர் மாதாவை வேண்டி, மண்ணும் நீரும் குழைத்துப் பூசினார், கட்டி ஆறிவிட்டது என்கிறது மரபு. நன்றியாக அரசர் நிலம் கொடுத்தார். அந்தக் கொடையைச் சொல்லும் கல் அங்கே நிற்கிறது. முனிவர் அந்த ஊரைத் திருக்காவலூர் என்று அழைத்து, அங்குள்ள அடைக்கல மாதா மீது ஒரு கலம்பகமே பாடினார். கட்டி எப்படி ஆறியது என்பது அவரவர் நம்பிக்கை. வேறு சமயத்து அரசர் மாதா கோயிலுக்கு நிலம் கொடுத்ததைக் கல் சொல்கிறது.

அடுத்தது புதுச்சேரிக்குப் பக்கத்து வில்லியனூர். பிரான்சில் லூர்து நகரில் பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமி மாதாவைக் கண்டதாகச் சொன்னது 1858இல். இருபது ஆண்டுகள் ஆவதற்குள் வில்லியனூரில் லூர்து மாதாவுக்குக் கோயில் எழுந்தது. 1877இல் பிரான்சிலிருந்து கப்பலில் வந்த சிலை வழியில் மூன்று முறை கீழே விழுந்தும் சேதமில்லை என்று இன்றும் சொல்கிறார்கள். கோயில் குளத்தில் லூர்து நகரின் தண்ணீரைக் கலந்திருக்கிறார்கள். குணம் வேண்டி வருபவர்கள் அந்த நீரை எடுத்துப்போகிறார்கள்.

அதே ஊரில் திருக்காமீசுவரர் கோயில் இருக்கிறது. அங்குள்ள குளத்தில் நீராடித் தருமபால சோழனின் தோல்நோய் தீர்ந்தது என்கிறது தலபுராணம். ஒரே ஊரில் இரண்டு குளம், இரண்டு அன்னை, இரண்டும் நோய் தீர்க்கும் கதை. பிரெஞ்சு ஆட்சியில் அந்தச் சிவன் கோயில் தேரை ஆளுநரே வடம்பிடித்து இழுத்து வைப்பார். இன்றும் துணைநிலை ஆளுநர் அதைச் செய்கிறார். யார் கோயில் யாருக்கு என்று கோடு போடுகிறவர்கள் ஒருநாள் வில்லியனூர் போய்வரட்டும்.

இனி வேளாங்கண்ணி. இங்கே அரசர் இல்லை. பால் கொண்டுபோன ஒரு பையனும், மோர் விற்ற கால் ஊனமுற்ற பையனும்தான் கதையில் வருகிறார்கள். மோர் கேட்ட தாய், நாகப்பட்டினம் போய்ச் செய்தி சொல் என்றாள். பையன் எழுந்து ஓடினான். கால் சரியானது ஓடிய பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. புயலில் தப்பிய போர்ச்சுகீசிய மாலுமிகள் மாதாவின் பிறந்தநாளான செப்டம்பர் 8 அன்று கரையேறியது மூன்றாவது கதை. கதைகளின் வரிசையைக் கவனியுங்கள். வெள்ளைக்கார மாலுமிகளுக்கு முன்பே மாதா நம் ஊர் ஏழைப் பிள்ளைகளிடம் வந்துவிட்டாள். இதைத்தான் மக்கள் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் வேளாங்கண்ணிப் பேராலயம் தப்பியதை அற்புதம் என்று ஆண்டுதோறும் அனுப்புகிறார்கள். அதே காலையில் அதே கடற்கரையில், கிறிஸ்துமஸுக்கு வந்த பக்தர்களும் கடை வைத்திருந்தவர்களும் பெருந்தொகையாக இறந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் போனுக்கும் அந்தச் செய்தி போகும். அவளுடைய வேண்டுதல் மட்டும் கேட்கப்படவில்லையா? பழைய கதைகள் யாரையும் இப்படிக் குத்தவில்லை. நன்றி சொன்னதோடு நின்றன. நாமும் அங்கே நிற்கப் பழக வேண்டும். அதேபோல், மண் பூசிய கதையைக் காட்டி யாரும் மருத்துவரிடம் போகாமல் இருக்கக்கூடாது.

மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிறவர்களில் எத்தனையோ பேர் செப்டம்பரில் காவி கட்டி வேளாங்கண்ணிக்கும் போகிறார்கள். அம்மா என்றால் அவர்களுக்கு அம்மாதான். இதற்கு யாரும் பாடம் நடத்தவில்லை. கச்சிராயரும் மழவராயரும் நடந்த பாதை அது.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கோயில் கதை இருக்கும். வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். யார் இடம் கொடுத்தார்கள், யார் தேர் இழுத்தார்கள், திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்றும் சேர்த்துக் கேட்டு எழுதி வையுங்கள். தேதி போட்டு எழுதுங்கள். பெரியவர்கள் போய்விட்டால் கேட்க ஆள் இருக்காது.

கருத்துப் பெட்டியில் உங்கள் ஊர்க் கதையை எழுதுங்கள். சண்டை வேண்டாம்.