பழைய விரிப்பும் புதிய காயமும்

ஒரு படுக்கை விரிப்பு எத்தனை ஆண்டு உழைக்கும்? வாங்கிய புதிதில் மொடமொடவென்று இருக்கும் துணி, சலவைக்குச் சலவை மென்மையாகி, கடைசியில் நடுப்பகுதி நைந்து சல்லடையாகி விடுகிறது. அப்போது நாம் என்ன செய்கிறோம்? நல்ல பகுதியை வெட்டித் தலையணை உறை தைக்கிறோம். மிச்சம் குழந்தைக்கு விரிப்பாகிறது. அதுவும் நைந்தால் அடுப்படிக்குக் கரித்துணியாகிறது.

இது வெறும் வீட்டுச் சிக்கனம் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருத்துவமனைகள் இந்தப் பழந்துணியை நம்பியே நடந்தன. போர்க்களத்தில் விழுந்த வீரனின் காயத்தில் வைக்கப்பட்டது, யாரோ ஒரு தாய் தன் வீட்டுப் படுக்கையிலிருந்து எடுத்துக் கொடுத்த விரிப்பின் துண்டு. அது எத்தனையோ பேருக்கு ஆறுதல் தந்தது. சிலருக்கு எமனாகவும் ஆயிற்று. அன்போடு கொடுத்த துணி எப்படி எமனாகும்? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஓரத்தை நடுவாக்கும் தையல்

அக்கால ஐரோப்பியக் குடும்பங்களில் படுக்கை விரிப்பு ஒரு சொத்து. ஆளிச் செடியின் தண்டிலிருந்து நார் எடுத்து நெய்த துணிக்கு லினன் என்று பெயர். மணமாகிப் போகும் பெண்ணுக்கு லினன் விரிப்புகளை டஜன் கணக்கில் தைத்து, ஓரத்தில் பெயரின் முதலெழுத்தைப் பின்னிக் கொடுப்பார்கள். அவ்வளவு அருமையான துணியைக் கிழிந்தவுடன் எறிந்துவிட மனம் வருமா?

விரிப்பு எப்போதும் நடுவில்தான் முதலில் நைகிறது. உடலின் எடை முழுவதும் தோள், இடுப்பு ஆகிய இடங்களில் அழுந்துகிறது. புரளும்போதெல்லாம் துணி அங்கேதான் உராய்கிறது. ஓரங்களோ மெத்தைக்கடியில் செருகப்பட்டு, புதிது போலவே இருக்கின்றன. இதைக் கண்ட இல்லத்தரசிகள் எளிய வழி ஒன்றைக் கையாண்டார்கள். விரிப்பை நீளவாட்டில் நடுவே இரண்டாகக் கிழிப்பார்கள். இரண்டு வெளி ஓரங்களையும் சேர்த்து நடுவில் தைப்பார்கள். நைந்த பகுதி இப்போது ஓரத்துக்குப் போய்விடும்; அதை மடித்துத் தைத்துவிட்டால் விரிப்புக்கு இன்னும் சில ஆண்டு ஆயுள்! வெளி ஓரம் தறியிலேயே கரை கட்டி நெய்யப்பட்டதாதலால் பிரியாது. ஆகவே நடுத் தையல் தடித்து உறுத்தாமல் தட்டையாக அமையும். 1861-இல் இங்கிலாந்தில் வெளிவந்த இசபெல்லா பீட்டன் அம்மையாரின் இல்லப் பராமரிப்பு நூலிலும் இந்த முறை சொல்லப்பட்டிருக்கிறது.

அதற்குப் பிறகும் துணி நைந்தால் தலையணை உறை, குழந்தை உடை, கைத்துண்டு என்று அது சிறுத்துக்கொண்டே போகும். எதற்கும் உதவாது என்ற நிலை வந்த பிறகுதான் அதன் மிக முக்கியமான வேலை தொடங்கியது.

பழையது ஏன் மென்மையாகிறது?

நம் ஊரில் பிறந்த குழந்தையைப் பழைய வேட்டித் துணியில் ஏந்துவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புதுத் துணி உறுத்தும் என்பார்கள் பெரியவர்கள். அவர்கள் சொல்வதில் அறிவியல் உண்மை உண்டு.

ஆளி நார் பல நுண்ணிய இழைகள் சேர்ந்த ஒரு கட்டு. இழைகளைப் பெக்டின் என்னும் பசை போன்ற பொருள் ஒட்டி வைத்திருக்கிறது. வெந்நீரிலும் காரத்திலும் வெளுக்க வெளுக்க இந்தப் பசை சிறிது சிறிதாகக் கரைகிறது. கட்டு அவிழ்ந்து இழைகள் தனித்தனியாகப் பிரிகின்றன. துணி வளைந்து கொடுக்கிறது. இழைகளுக்கிடையே நீர் ஏறுவதற்கு நுண்ணிய வழிகளும் பெருகுகின்றன. அதனால்தான் பழைய லினன் மென்மையாகவும் ஈரத்தை விரைவாக உறிஞ்சுவதாகவும் இருக்கிறது.

பருத்தியின் கதை சற்று வேறு. பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. நீங்களே சோதித்துப் பாருங்கள். செடியிலிருந்து எடுத்த பஞ்சில் சிறிது கிள்ளி ஒரு கிண்ணத் தண்ணீரில் போடுங்கள். அது மிதக்கும். மருந்துக் கடையில் வாங்கிய பஞ்சைப் போடுங்கள். சட்டென்று நனைந்து அமிழ்ந்துவிடும். கடைப் பஞ்சு காரத்தில் வேகவைத்து மெழுகு நீக்கப்பட்டது என்பதே காரணம். இந்த முறை பரவுவதற்கு முன்பு, காயத்தின் நீரை உறிஞ்சப் பருத்திப் பஞ்சு பயன்படவில்லை. கையருகே இருந்த நல்ல உறிஞ்சுபொருள் பழைய லினன்தான்.

வீடுதோறும் லின்ட்

பழைய லினனைத் தட்டையாகப் பிடித்துக் கத்தியால் சுரண்டினால் பஞ்சு போன்ற தூவி எழும்பும். இதற்கு லின்ட் என்று பெயர். பிரான்சில் துணியின் நூல்களை ஒவ்வொன்றாக உருவிச் சேர்த்து அதைச் சார்ப்பி என்று அழைத்தார்கள். காயத்தில் இதை அடைத்து, மேலே நீண்ட துணிப் பட்டையால் கட்டுவார்கள். அந்தப் பட்டையும் விரிப்பைக் கிழித்து, முனையோடு முனை தைத்துச் சுருட்டியதுதான்.

1859 ஜூன் 24 அன்று வட இத்தாலியில் சால்ஃபரினோ என்ற ஊரருகே பெரும் போர் நடந்தது. காயமடைந்தவர்கள் ஆயிரக்கணக்கில் பக்கத்திலிருந்த காஸ்டிலியோன் ஊருக்குக் கொண்டுவரப்பட்டனர். தேவாலயங்களிலும் வீடுகளிலும் தெருவிலும் அவர்கள் கிடந்தார்கள். ஊர்ப் பெண்கள் நண்பன், பகைவன் என்று பாராமல் பணிவிடை செய்தார்கள். வேறு வேலையாக அங்கே வந்திருந்த ஆன்ரி டுனான்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் அவர்களோடு சேர்ந்துகொண்டார். கட்டுத்துணியும் லின்ட்டும் போதாமல் திண்டாடியதை அவர் கண்ணாரக் கண்டார். 1862-இல் அவர் எழுதிய நூல்தான் செஞ்சிலுவை இயக்கத்துக்கு வித்திட்டது.

1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் இதே காட்சி பெரிய அளவில் அரங்கேறியது. பெண்களும் சிறுவர் சிறுமியரும் கூடி உட்கார்ந்து லின்ட் சுரண்டினார்கள்; பட்டை தைத்தார்கள். வீட்டு அலமாரிகள் காலியாயின.

இவ்வளவு அன்பும் உழைப்பும் காயத்தை ஆற்றினவா? அங்கேதான் சோகம். காயங்கள் சீழ் பிடித்தன, அழுகின. குண்டுக்குத் தப்பியவர்கள் காய்ச்சலுக்குப் பலியானார்கள். சீழ் வைப்பது நலம் பெறுவதற்கு அடையாளம் என்றுகூட மருத்துவர்கள் பலர் நம்பியிருந்தனர்.

சுரண்டிய கைகள், வைத்த மேசை, கட்டி அனுப்பிய சாக்கு, மருத்துவரின் விரல்கள், கத்தி ஆகிய எல்லாவற்றிலுமிருந்தும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் காயத்தில் புகுந்தன. லின்ட்டின் நுண்ணிய இழைகள் அவற்றுக்கு நல்ல மறைவிடம். ஈரத்தை உறிஞ்சும் அதே குணம் கிருமிக்கு வேண்டிய ஈரத்தையும் உணவையும் தேக்கி வைத்தது. வெள்ளை வெளேரென்று மடித்து வைத்த துணி கண்ணுக்குத் தூய்மையாக இருந்தது. கிருமியின் கணக்கில் அது தூய்மையே அல்ல!

கிளாஸ்கோவில் ஒரு சிறுவன்

நொதித்தலுக்கும் அழுகலுக்கும் நுண்ணுயிர்களே காரணம் என்று பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் காட்டினார். அதைப் படித்த அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர், காயம் அழுகுவதும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எண்ணினார்.

1865 ஆகஸ்டு 12 அன்று கிளாஸ்கோ மருத்துவமனைக்கு ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுச் சிறுவன் வந்தான். வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. இத்தகைய முறிவுக்கு அக்காலத்தில் பெரும்பாலும் காலை வெட்டி எடுப்பார்கள். இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. லிஸ்டர் ஒரு துண்டு லின்ட்டை எடுத்தார்; அதைக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்துக் காயத்தின் மேல் வைத்தார். சில நாட்களுக்குப் பின் பிரித்துப் பார்த்தபோது சீழ் இல்லை. ஏறக்குறைய ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. சிறுவன் தன் காலோடு வீடு திரும்பினான். லிஸ்டர் தம் முடிவுகளை 1867-இல் வெளியிட்டார்.

கவனித்தீர்களா? வைத்தது அதே லின்ட்தான். மாறியது ஒன்றே ஒன்று: அதிலிருந்த கிருமிகள் கொல்லப்பட்டன.

வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு

அதன்பின் மாற்றங்கள் விரைந்தன. 1880-இல் பர்மிங்ஹாம் மருத்துவர் சாம்ப்சன் காம்ஜி, மெழுகு நீக்கிய பஞ்சை மெல்லிய வலைத்துணிகளுக்கிடையே வைத்துக் கட்டுப்பொருள் செய்தார். 1880-களில் பெர்லின் மருத்துவர்கள் கட்டுத்துணியை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கத் தொடங்கினர். 1886-இல் அமெரிக்காவில் ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் தோன்றிக் கட்டுத்துணியை ஆலைப்பொருளாக்கியது. லின்ட் சுரண்டும் கத்திக்கு வேலை போயிற்று.

நீராவி ஏன்? ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோயின் கிருமி, தன்னைச் சுற்றிக் கெட்டியான உறை கட்டிக்கொண்டு சிதல் என்ற உறங்கு நிலையில் நெடுங்காலம் கிடக்கும். சாதாரணமாகக் கொதிக்கும் நீருக்கு அது உறுதியாகச் சாகும் என்று சொல்ல முடியாது. அழுத்தத்தில் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய நீராவிதான் அதை அழிக்கிறது.

இந்தக் கிருமியின் கொடுமை நம் நாட்டிலும் ஒரு கதையாக வழங்குகிறது. மாதவிலக்கின்போது பயன்படுத்திய பழைய ரவிக்கைத் துணியில் துருப்பிடித்த கொக்கி இருந்ததால் ஒரு பெண் டெட்டனஸ் கண்டு இறந்ததை, டில்லியில் 1999-இல் கூஞ்ச் அமைப்பைத் தொடங்கிய அன்ஷு குப்தா சொல்லி வருகிறார். அந்த அமைப்பு பழைய விரிப்புகளையும் பிற பருத்தித் துணிகளையும் சேகரித்து, துவைத்து, வெயிலில் உலர்த்தி, உலோகத் துண்டு இருக்கிறதா என்று சோதித்து, மாதவிலக்குத் துணிகளாகத் தயாரிக்கிறது. பழந்துணியின் மென்மையும் புது அறிவியலின் கண்டிப்பும் அங்கே கைகோக்கின்றன.

2020-இல் கொரோனாத் தொற்று பரவியபோது விரிப்பு மறுபடியும் தையல் இயந்திரத்துக்கு வந்தது. முகக்கவசம் கிடைக்காத நாட்களில், நெருக்கமாக நெய்த பருத்தி விரிப்புத் துணி ஏற்றது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூறியது. வீட்டில் முகக்கவசம் தைப்பதுபற்றி இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் வெளியிட்ட கையேடு, தைக்கும் முன் துணியை நன்கு துவைத்துக் கொதிக்க வைக்கச் சொன்னது. 1859-இல் காஸ்டிலியோன் பெண்களுக்கு யாரும் சொல்லாத பாடம் அது.

நீங்கள் தைக்கும்போது

இனி உங்கள் வீட்டு விரிப்புக்கு வருவோம். அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இழைகளுக்கிடையே ஒளி தாராளமாக வருமிடம் நைந்த பகுதி, அதை ஒதுக்கிவிடுங்கள். ஓரங்களில்தான் நல்ல துணி இருக்கும்.

நல்ல பகுதியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை இரண்டாக்கி ஓரம் மடித்துத் தையுங்கள். இரண்டு முக்கோணக் கட்டுகள் கிடைக்கும். அடிபட்ட கையைக் கழுத்தோடு தொங்கவிட்டுத் தாங்க இது போதும். ஆனால் திறந்த காயத்தின் மேல் நேராக வைப்பதற்கு, கிருமி நீக்கிப் பொட்டலமிட்ட வலைத்துணியையே வாங்கி வையுங்கள். மாதவிலக்குத் துணியானால் கொக்கி, பொத்தான், ஊசி எதுவும் இல்லையென்று பார்த்துத் தையுங்கள். ஒவ்வொரு முறையும் சோப்பால் துவைத்து வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். வெட்கப்பட்டு இருட்டு மூலையில் உலர்த்தும் ஈரத்துணியில்தான் கிருமி பெருகும்.

பழந்துணி என்றும் மனிதனின் நண்பனே. அதன் மென்மை கைக்குத் தெரிகிறது. அதன் தூய்மையோ கைக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. அதைச் சோப்பும் சூடும் வெயிலும்தான் உறுதி செய்ய வேண்டும்.